ஹாங்காங்கிலும் குவாங்சோவிலும் மரபான சீன உணவகத்தில் சாப்பிடுவது எப்படி: தேநீர் முதல் பில் வரை முழுமையான வழிகாட்டி

சீனாவுக்கோ ஹாங்காங்குக்கோ முதன்முறையாகச் செல்லும் நம்மவர்கள் பலர், பழைமையான ஓர் உணவகத்தின் வாசல்வரை போய், உள்ளே பெரிய வட்ட மேசைகளைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக மக்கள் உரக்கப் பேசிக்கொண்டு சாப்பிடுவதையும், சுவரில் சீன எழுத்துகளில் மட்டும் தொங்கும் பட்டியலையும் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள பர்கர் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் கோபி மஞ்சூரியனும் செஷ்வான் ஃபிரைடு ரைஸும் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு உள்ளே போய் ஏமாறுகிறார்கள். அவையெல்லாம் இந்தியாவில் பிறந்த சீனச் சமையல், சீனாவில் அவற்றின் பெயரே பலருக்குத் தெரியாது.

இந்த வழிகாட்டி கான்டனீஸ் உணவகங்களைப் பற்றியது. குவாங்சோ நகரமும் ஹாங்காங்கும் அந்தச் சமையலின் தாயகம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள கான்டனீஸ் உணவகங்களிலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஒரே ஒரு செய்தியை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்: இங்கே கணக்கு ஆளுக்கு அல்ல, மேசைக்கு. உணவு மேசைக்கு வருகிறது, தேநீரைப் பிறருக்கு ஊற்றிய பிறகே தனக்கு ஊற்றிக்கொள்கிறார்கள், பில்லும் மேசைக்கு ஒன்றுதான். ‘எனக்கு என்ன வேண்டும்’ என்று யோசித்து வரவழைப்பவருக்கு ஒரே உணவு ஒரு பெரிய தட்டு நிறைய வந்து நிற்கும். ‘இந்த மேசைக்கு என்ன வேண்டும்’ என்று யோசிப்பவர் நன்றாகச் சாப்பிடுவார். ஆகவே முடிந்தவரை மூன்று நான்கு பேராகப் போவது நல்லது. தனியாகவோ இருவராகவோ போவோர் இரவு உணவைவிட, காலையில் தேநீரோடு உண்ணும் சிறு பண்டங்களான டிம் சம்மைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஒவ்வொன்றும் சிறு கூடைகளில் வருவதால் வீணாகாது.

எப்போது, எங்கே

தேநீரோடு டிம் சம் சாப்பிடும் வழக்கத்துக்கு யம் சா என்று பெயர். இது காலை தொடங்கிப் பிற்பகல்வரை நடக்கும் உணவு. பழைய தேநீர் இல்லங்கள் விடிகாலையிலேயே திறந்துவிடும். ஏழு மணிக்குப் போனால் செய்தித்தாளும் கையுமாகத் தனியே அமர்ந்து, ஒரு குவளைத் தேநீரையும் இரண்டு சிறு பண்டங்களையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பொழுது போக்கும் முதியவர்களைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மட்டும் போகாதீர்கள். அது மூன்று தலைமுறையும் சேர்ந்து வரும் நேரம். வாசலில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு நெடுநேரம் காத்திருக்க நேரும். வார நாள்களில் காலை ஒன்பது மணிக்குச் சென்றால் இடமும் கிடைக்கும், பரிமாறுபவருக்கு உங்களோடு பேச நேரமும் இருக்கும். பல கடைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் விலையைக் குறைத்து ஒரு பிற்பகல் தேநீர் வேளை வைத்திருக்கிறார்கள். சிக்கனமாகப் பயணம் செய்பவர்களுக்கு அது ஏற்ற நேரம்.

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் 1933-இல் தொடங்கப்பட்ட லுக் யூ தேநீர் இல்லம் பழைய மரத் தடுப்புகளும் மின்விசிறிகளும் கொண்ட, சற்று விலை கூடிய இடம். தள்ளுவண்டியில் டிம் சம் வருவதைப் பார்க்க விரும்புவோர், மாநகர மன்றக் கட்டடத்திலுள்ள மாக்சிம்ஸ் பேலஸுக்குச் செல்வது வழக்கம். குவாங்சோவில் 1880-இல் தோன்றிய தாவ் தாவ் ஜூ இன்றும் நடக்கிறது. லிவான் ஏரிக்கரையில் தோட்டத்துக்கு நடுவே அமைந்த பான்சி உணவகத்தில் சாப்பாட்டைவிடச் சூழலுக்கே அதிக மதிப்பெண் கொடுக்கலாம். பெயர்பெற்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நீங்கள் தங்கியிருக்கும் தெருவில், முதியவர்கள் நிறைந்திருக்கும் ஓர் இரண்டாம் மாடி உணவகம் பெரும்பாலும் நல்ல தேர்வாகவே இருக்கும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

உண்ணாத பொருள்களின் பட்டியல் ஒன்றைச் சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வது இந்தப் பயணத்தின் மிகப் பயனுள்ள அரை மணி நேர வேலை. தங்கும் விடுதியின் வரவேற்பாளரிடம் கேட்டால் எழுதித் தருவார். அதில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று பொதுவாக எழுதக் கூடாது. சீனத்தில் அடைமொழி இல்லாமல் இறைச்சி என்றால் பன்றி இறைச்சியே முதலில் நினைவுக்கு வரும், கோழியும் மீனும் அதில் அடங்காது என்று சமையல்காரர் நினைத்துக்கொள்ளலாம். பன்றி, மாடு, கோழி, மீன், இறால், உலர்ந்த இறால், சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு, இறைச்சி வடிநீர், முட்டை என ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிப்பிடச் சொல்லுங்கள். ஹாங்காங்கில் பழைய வடிவ எழுத்தும் பெருநிலச் சீனாவில் எளிமையாக்கப்பட்ட எழுத்தும் புழங்குவதால், இரண்டு நகரங்களுக்கும் செல்பவர்கள் இரு வடிவத்திலும் எழுதி வாங்கிக்கொள்வது நலம். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். கான்டனீஸ் சமையலில் கடலை எண்ணெய் சாதாரணமாகப் பயன்படுகிறது.

பெருநிலச் சீனாவில் கூகுள் சேவைகள் வழக்கம்போல் இயங்குவதில்லை. எனவே, படம் பிடித்து எழுத்தை மொழிபெயர்க்கும் செயலியையும் அதற்குரிய சீன மொழித் தொகுப்பையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே கைப்பேசியில் இறக்கிவிடுங்கள். அலிபே அல்லது வீசாட் பே செயலியில் உங்கள் பன்னாட்டு வங்கி அட்டையை இணைத்துவிடுவதும் அவ்வாறே முன்கூட்டி முடிக்க வேண்டிய வேலை. குவாங்சோவின் பல உணவகங்களில் மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டின் வழியாகத்தான் பட்டியலைப் பார்ப்பதும், வரவழைப்பதும், பணம் கட்டுவதும் நடக்கின்றன. இதில் ஒரு நன்மையும் உண்டு: ஒவ்வொரு உணவுக்கும் படம் இருக்கும்.

உள்ளே நுழைந்ததும்

வாசலில் நிற்பவர் முதலில் எத்தனை பேர் என்றுதான் கேட்பார். விரல்களைக் காட்டினால் போதும். ஹாங்காங்கின் பழைய தேநீர் இல்லங்களில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் அமரச் சொல்வது இயல்பு. அதில் மனக்குறை கொள்ள எதுவுமில்லை. லேசாகத் தலையசைத்துவிட்டு அமரலாம். அடுத்தவர் சாப்பிடுவதைச் சுட்டிக்காட்டி அதே பண்டத்தை வரவழைக்கும் வாய்ப்பும் அப்போதுதான் கிடைக்கிறது.

யாராவது விருந்துக்கு அழைத்து நீங்கள் சென்றிருந்தால் நிலைமை வேறு. வாசலைப் பார்த்தபடி இருக்கும் இருக்கை மதிப்புக்குரியது என்பதால், விருந்து தருபவர் கைகாட்டும்வரை நின்றுகொண்டிருப்பதே முறை.

மேசையில் சிறு கிண்ணத்தில் வேர்க்கடலையோ ஊறுகாய்க் காய்களோ வந்தால் அது இலவசம் என்று எண்ண வேண்டாம்; தொட்டாலும் தொடாவிட்டாலும் பில்லில் ஏறும். வேண்டாமெனில் அப்போதே திருப்பி அனுப்பலாம். ஈரத் துண்டுப் பொட்டலத்துக்கும் சில இடங்களில் கட்டணம் உண்டு. சிறு தொகைதான், ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

தேநீர்

நீங்கள் அமர்ந்ததும் பரிமாறுபவர் கேட்கும் முதல் கேள்வி என்ன தேநீர் என்பதுதான். பால், சர்க்கரை பற்றிய பேச்சே கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம் தனியாக உண்டு, அதற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார்கள். ஆகவே, ‘தேநீர் வேண்டாம், தண்ணீர் போதும்’ என்று சொல்லிப் பணம் மிச்சப்படுத்த முடியாது.

போ லேய் என்று கான்டனீஸில் சொல்லப்படும் பூ-அர் தேநீர் கறுத்த நிறமும் மண் வாசமும் கொண்டது. கொழுப்பு மிக்க பண்டங்களுக்கு ஏற்றது என்று உள்ளூர்க்காரர்கள் கருதுவதால் பெரும்பாலான மேசைகளில் அதுவே இருக்கும். முதல் மிடறு நம் நாக்குக்குச் சற்று விநோதமாகத் தோன்றலாம். மல்லிகைத் தேநீருக்கு ஹியுங் பின் என்று பெயர். அதன் மணம் நமக்குப் பழக்கமானது என்பதால் முதன்முறை போவோருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். டிட் குன் யம் என்பது பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் இடைப்பட்ட ஊலோங் வகை, சவ் மேய் என்பது மென்மையான வெள்ளைத் தேநீர். செவ்வந்திப் பூவில் தேயிலை கிடையாது. இரவில் தூக்கம் கெடுமோ என்று அஞ்சுபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உகந்தது. அந்தப் பூவையும் பூ-அரையும் கலந்த குக் போ, இரண்டின் கடுமையையும் குறைத்துவிடும் நல்ல இணைப்பு.

ஹாங்காங்கில் பெரும்பாலும் இரண்டு குடுவைகள் வரும்: ஒன்றில் தேநீர், மற்றதில் வெந்நீர். கூடவே ஒரு பெரிய கிண்ணமும் வரும். அதில் வாய் வைத்துவிடாதீர்கள். அது பாத்திரம் கழுவுவதற்கு. முதல் வடிப்பை உங்கள் குவளையிலும் சிறு கிண்ணத்திலும் ஊற்றி, குச்சிகளின் நுனியையும் கரண்டியையும் அதில் அலசிவிட்டு, நீரைப் பெரிய கிண்ணத்தில் கொட்டுவார்கள். பாத்திரம் அழுக்காக இருக்கிறது என்று உணவகத்தைப் பழிப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அப்படியொரு பழக்கம், அவ்வளவுதான். நீங்கள் செய்யாமல் விட்டாலும் குற்றமில்லை.

பிறகு ஊற்றுவது. மூத்தவர், விருந்தினர், அருகிலிருப்பவர் என்ற வரிசையில் ஊற்றிவிட்டு இறுதியில்தான் தன் குவளையை நிரப்ப வேண்டும். உங்களுக்கு ஒருவர் ஊற்றும்போது பேச்சை நிறுத்தி நன்றி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அல்லது மூன்று விரல்களை மடக்கி மேசையில் மெதுவாகத் தட்டினால் அதுவே நன்றி. சிங் வம்சப் பேரரசர் சியான்லோங் மாறுவேடத்தில் நாட்டைச் சுற்றியபோது தன் பணியாளருக்குத் தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டு வணங்கினால் வேடம் கலைந்துவிடும் என்பதால், அந்தப் பணியாளர் விரல்களை மண்டியிடுவதுபோல் மடக்கித் தட்டினார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, பழக்கம் இன்றும் எல்லா மேசையிலும் இருக்கிறது. குடுவை காலியானதும் யாரையும் கூப்பிட வேண்டாம். மூடியைச் சற்றுச் சாய்த்து விளிம்பில் வைத்துவிடுங்கள். கடந்து போகும் பணியாளர் கண்ணில் பட்டதும் வெந்நீர் வந்துவிடும்.

டிம் சம் வரவழைத்தல்

இப்போது பெரும்பாலான இடங்களில் ஒரு தாளும் பென்சிலும் தருகிறார்கள். வேண்டியவற்றுக்கு எதிரே எண்ணிக்கையைக் குறித்து, மேசை எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்துவிடலாம். பண்டங்கள் சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று தரம் பிரிக்கப்பட்டிருக்கும். இது அளவைக் குறிப்பதல்ல, விலைப் படிநிலை. சுற்றுலாப் பயணிகள் வரும் பகுதிகளில் ஆங்கிலத் தாளும் இருக்கும், கேட்டால்தான் தருவார்கள். தள்ளுவண்டி முறையில் வண்டி அருகே வரும்போது மூங்கில் கூடையின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம். எடுத்துக்கொண்டால் உங்கள் அட்டையில் முத்திரை விழும். அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், பில் அதைப் பார்த்துத்தான் போடுவார்கள்.

ஒரு கூடையில் வழக்கமாக மூன்று அல்லது நான்கு துண்டுகள் இருக்கும். நான்கு பேருக்கு எட்டுப் பத்துக் கூடைகள் போதுமானவை. ஆனால் அத்தனையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பது தவறான அணுகுமுறை. எல்லாம் பத்து நிமிடத்தில் வந்து மேசையை நிறைத்துவிடும், பாதி ஆறிப்போகும். முதலில் நான்கைந்து மட்டும் கேளுங்கள். சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு தாளை நிரப்பலாம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

அசைவம் உண்பவர் முதலில் சுவைக்க வேண்டியது ஹார் காவ். கோதுமை மாச்சத்தில் செய்த, உள்ளிருக்கும் இறால் தெரியும் அளவுக்கு மெல்லிய தோல். நம் கொழுக்கட்டையைப் போல மடிப்பு மடிப்பாக மூடி ஆவியில் வேகவைக்கிறார்கள். ஒரு கடையின் கைத்திறனை மதிப்பிட உள்ளூர்க்காரர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்: தோல் குச்சியில் ஒட்டிக் கிழிந்தால் சமையல்காரர் தேறவில்லை என்று பொருள். சியூ மாயில் பன்றி இறைச்சியும் இறாலும் கலந்திருக்கும். சார் சியூ பாவ் என்பது இனிப்பேற்றி வாட்டிய பன்றி இறைச்சி வைத்த வெண்மையான ஆவி ரொட்டி. லோ மாய் காய், தாமரை இலையில் பொதிந்த பசை அரிசியும் கோழியும். வயிற்றை உடனே நிரப்பிவிடும் என்பதால் கடைசியில் கேட்கலாம். கோழிக்கால்களைப் பொரித்து, பின் கறுப்பு அவரை விழுதில் ஆவியில் மென்மையாக்கிய ஃபுங் ஜாவைப் பார்த்து முகம் சுளிப்பவர் பலர். அதில் சதை தேடிக் கடிக்கக் கூடாது, தோலைச் சப்பிவிட்டு எலும்பைத் துப்ப வேண்டும். எனக்கு அது டிம் சம் பட்டியலின் தலைசிறந்த பண்டமாகவே தோன்றுகிறது.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஆவியில் வேகவைத்த மாட்டிறைச்சி உருண்டைகளைப் பற்றி எச்சரிக்கையாக இருக்கட்டும். பெயர் தெரியாமல் பார்த்தால் மீன் உருண்டையோ என்று தோன்றும். பன்றி தவிர்ப்பவர்களின் நிலை கடினமானது. ஹார் காவில்கூடச் சுவைக்காகப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பவர்கள் உண்டு. முஸ்லிம் வாசகர்கள் ஹாங்காங்கில் வான் சாய் பகுதியிலுள்ள அம்மார் பள்ளிவாசல் கட்டடத்துக்குச் செல்லலாம். அங்குள்ள இஸ்லாமிய மைய உணவகத்தில் ஹலால் டிம் சம் கிடைக்கிறது. குவாங்சோவில் சிங்ஜென் என்ற பெயர்ப்பலகை கொண்ட கடைகளைத் தேட வேண்டும்; லான்சோ நூடுல்ஸ் கடைகள் பலவும் அந்த வகையைச் சேர்ந்தவை.

சைவ உணவினருக்கு

உண்மையைச் சொல்லிவிடுவோம்: சாதாரண கான்டனீஸ் உணவகத்தில் முழுச் சைவமாகச் சாப்பிடுவது எளிதல்ல, காரணம் இறைச்சி கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஒளிந்திருக்கிறது. லோ பாக் கோ என்னும் முள்ளங்கி அடை பார்வைக்கு அப்பாவியாக இருக்கும். உள்ளே உலர்ந்த இறாலும் பன்றித் தொத்திறைச்சியும் உண்டு. கீரைமீது ஊற்றும் பழுப்பு நிறக் குழம்பு சிப்பிச் சாறு. முட்டை டார்ட்டின் மேலோட்டுக்குப் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்துவது பழைய முறை. எக்ஸ் ஓ சாஸில் உலர்ந்த கடல் சிப்பியும் ஹாமும் இருக்கும். மாம்பழப் புட்டிங்கில் ஜெலட்டின். சிச்சுவான் உணவுகள் பட்டியலில் இருந்தால், மாப்போ டோஃபுவில் கொத்திறைச்சி சேர்ப்பது வழக்கம் என்பதை நினைவில் வையுங்கள்; ‘மீன் மணக் கத்தரிக்காய்’ என்ற பெயருள்ள உணவில் மீன் இருக்காது, ஆனால் அதிலும் கொத்திறைச்சி இருக்கும்.

அப்படியானால் எதைக் கேட்பது? உள்ளீடு இல்லாத அரிசி மாவுச் சுருளுக்கு ஜாய் சியோங் என்று பெயர். சோயா சாறு, இனிப்புக் குழம்பு, எள் ஆகியவற்றோடு வரும், காலை உணவுக்கு அருமையானது. லோ ஹான் ஜாய் என்பது காளான், மரக்காளான், டோஃபு, கண்ணாடி நூடுல்ஸ் முதலியவற்றைச் சேர்த்துச் சமைக்கும் பௌத்த மரபு உணவு. சீனப் புத்தாண்டின் முதல் நாளில் சைவம் உண்ணும் குடும்பங்களில் இது இடம்பெறும். கீரை வகையில் வள்ளைக்கீரையை, இலங்கையில் கங்குங் என்போமே அதை, புளித்த டோஃபு விழுதோடு வதக்கித் தரச் சொல்லலாம். அல்லது காய் லான், சோய் சம் போன்ற கீரைகளைப் பூண்டு மட்டும் போட்டுக் கேட்கலாம், சிப்பிச் சாறு வேண்டாம் என்று, எழுதி வாங்கிய பட்டியலைக் காட்டுங்கள். இஞ்சிப் பாகோடு வரும் சூடான டோஃபு இனிப்பும், எள் உருண்டையும் இனிப்புக்கு உண்டு. கஞ்சி கேட்டால், அது இறைச்சி வடிநீரில் வேகவைத்ததா வெறும் நீரிலா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கான்டனீஸில் ‘ஙோ சிக் ஜாய்’, மாண்டரினில் ‘வோ ச்சீ சூ’ என்றால் ‘நான் சைவம்’ என்று புரியும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் கடைப்பிடிப்பவர்கள் அங்கே இருப்பதால் இந்தக் கோரிக்கை யாருக்கும் வியப்பளிக்காது. முழு நிம்மதி வேண்டுமானால் பௌத்த சைவ உணவகங்களே வழி. ஹாங்காங்கில் டயமண்ட் ஹில்லில் நான் லியான் தோட்டத்துக்குள் சி லின் பிக்குணி மடத்தார் நடத்தும் உணவகமும், லாண்டாவ் தீவில் பெரிய புத்தர் சிலைக்கு அருகே போ லின் மடத்தின் உணவுக்கூடமும் நம்பத்தகுந்தவை. பௌத்தச் சமையலில் வெங்காயம், பூண்டு உள்ளிட்ட ஐந்து காரப் பொருள்களை விலக்குகிறார்கள். அந்த ஐந்தில் பெருங்காயமும் ஒன்று என்பது, சாம்பாரைச் சைவத்தின் உச்சமாக நினைக்கும் நம்மைச் சற்றுச் சிரிக்க வைக்கும்.

இரவு உணவு

இரவில் டிம் சம் பெரும்பாலும் கிடைக்காது. பெரிய தட்டுகளின் நேரம் அது. எத்தனை பேரோ அத்தனை உணவுகள், பசி அதிகமெனில் கூடுதலாக ஒன்று என்பது பொதுவான கணக்கு. அதைவிட முக்கியம் கலவை: நெடுநேரம் கொதித்த ஒரு சூப், வாட்டிய வாத்தோ கோழியோ ஒன்று, ஆவியில் வேகவைத்த மீன், ஒரு டோஃபு, கட்டாயமாக ஒரு கீரை. எல்லாமே பொரித்தவையாகவோ எல்லாமே குழம்பாகவோ வரவழைப்பவரைப் பரிமாறுபவரே தடுத்துவிடுவார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மீன் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டி வரவழைக்கும்போது பட்டியலில் விலைக்குப் பதிலாக ‘அன்றைய விலை’ என்றிருக்கும், அதுவும் எடைக்குத்தான். ஹாங்காங்கில் ஒரு கட்டி என்பது சுமார் 605 கிராம், பெருநிலச் சீனாவில் 500 கிராம். சில கடைகள் அதன் சிறு பங்கான தேல் கணக்கில் விலை எழுதியிருக்கும், ஹாங்காங்கில் 16 தேல் ஒரு கட்டி. ஆகவே ஒரு கட்டியின் விலையா தேலின் விலையா என்று கேட்டு, மீனை நிறுக்கச் சொல்லி, மொத்தத் தொகையைக் கைப்பேசியில் தட்டிக் காட்டச் சொன்ன பிறகே தலையசையுங்கள். நல்ல உணவகங்கள் உயிருள்ள மீனை வாளியில் கொண்டுவந்து காட்டுவதும் உண்டு. இதைக் கேட்பது அநாகரிகம் ஆகாது.

வெள்ளைச் சோறு தானாக வராது. பெருநிலச் சீனாவில் சோறு கடைசியில்தான் வரும். குழம்போடு பிசைந்தே பழகிய நாம், முதலிலேயே கொண்டுவரும்படி சொல்லிவிட வேண்டும். கான்டனீஸ் சமையலில் காரம் மிகக் குறைவு. மிளகாய் எண்ணெய் கேட்டால் தருவார்கள், ஆனால் ஆவியில் வேகவைத்த மீன்மேல் அதை ஊற்றுவது அந்தச் சமையல்காரருக்குச் செய்யும் அநியாயம்.

மேசையில் நடந்துகொள்ளும் முறை

உணவுகளை வைக்கும், மேசை நடுவிலுள்ள சுழல் தட்டை வலஞ்சுழியாக மெதுவாகத் திருப்புங்கள். ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கும்போது திருப்பக் கூடாது. 2003-இல் சார்ஸ் நோய் பரவிய பிறகு, ஹாங்காங்கின் பல உணவகங்கள் ஆளுக்கு இரண்டு ஜோடிக் குச்சிகள் வைக்கத் தொடங்கின. ஒரு நிறம் பொதுத் தட்டிலிருந்து எடுக்க, இன்னொன்று உண்ண. எச்சில் பார்க்கும் நமக்கு இது மிகவும் பிடித்துப்போகும் ஏற்பாடு. ஒரே ஜோடிதான் இருக்கிறதென்றால் பொதுக் கரண்டி கேட்கலாம். குச்சி வசப்படாதவர்கள் கரண்டியோ முள்கரண்டியோ கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். கையால் உண்பது மட்டும் அங்கே வழக்கமில்லை, ஓடுள்ள இறால், நண்டு நீங்கலாக.

குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைப்பது பெரிய தவறு, ஏனென்றால் இறந்தவர்களுக்குப் படைக்கும்போது ஊதுவத்தியை அப்படித்தான் குத்திவைப்பார்கள். கிண்ணத்தைக் குச்சியால் தட்டுவது பிச்சை கேட்பதாகக் கருதப்படும். முழு மீனின் ஒரு பக்கத்தை உண்டு முடித்ததும் அதைப் புரட்டாமல், நடு முள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தை உண்பார்கள். மீன் புரண்டால் படகு கவிழும் என்பது கடலோர மக்களின் நம்பிக்கை. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே வைத்து உண்பது அங்கே சரியான முறை.

மது அருந்தும் விருந்தென்றால், மூத்தவரின் கோப்பை விளிம்பைவிட உங்கள் கோப்பையைச் சற்றுத் தாழ்த்தி மோத வேண்டும். குடிக்காதவர்கள் தேநீரையே உயர்த்தலாம்.

பில்

பில்லைக் கேட்க ‘மாய் தான்’ என்றால் போதும், கான்டனீஸிலும் மாண்டரினிலும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். பணியாளரை அழைக்கவும் சிறு உதவிக்கு நன்றி சொல்லவும் ஹாங்காங்கில் ‘ம் கோய்’ என்ற ஒரே சொல் பயன்படுகிறது. கையை உயர்த்தி உரக்கவே சொல்லலாம், மெல்லிய குரல் அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழாது. ஹாங்காங்கில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சில்லறையை விட்டு வருவதுண்டு, அதற்குமேல் தேவையில்லை. பெருநிலச் சீனாவில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை. மேசையில் பணம் வைத்துவிட்டுப் போனால் மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். சில பழைய தேநீர் இல்லங்கள் வங்கி அட்டையை ஏற்பதில்லை என்பதால் ஹாங்காங்கில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

உங்களை அழைத்தவர் இருந்தால் பில் அவருடையது. பங்கு போடலாம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவது அவருக்குச் சங்கடம் தரும். ஒன்றிரண்டு முறை மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுங்கள், அடுத்த வேளைக்கு நீங்கள் அழைக்கலாம். நீங்களே பணம் கட்டும்போது மீனின் எடை, தேநீருக்கு எத்தனை தலை, முத்திரைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மட்டும் சரிபார்த்தால் போதும். மீந்ததை எடுத்துச் செல்ல ‘தா பாவ்’ என்று கேட்கலாம், பெட்டி தருவார்கள், சில இடங்களில் அதற்குச் சிறு கட்டணம் வாங்குவார்கள். பெருநிலச் சீனாவில் உணவு வீணாவதைத் தடுக்க 2021 ஏப்ரலில் ஒரு தனிச் சட்டமே இயற்றப்பட்டிருப்பதால், அளவுக்கு மீறி வரவழைத்தால் பரிமாறுபவரே போதும் என்று நிறுத்திவிடக்கூடும்.